டெபியன் மேம்படுத்தலுக்குப் பின் தடுமாறிய சர்வர் நெட்வொர்க்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 11ஆம் பதிப்பு ஓடிய காலத்தில் எங்கள் அலுவலகச் சர்வரைப் பற்றி யாரும் பேசியதில்லை. கட்டட வரைபடக் கோப்புகளைச் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பகிர வேண்டும், இரவில் அவற்றை இன்னொரு கணினிக்கு நகலெடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. டெபியன் 12க்கு மாற்றிய பிறகு எல்லோர் வாயிலும் அதன் பெயர்தான். மேம்படுத்தல் என்னவோ சுத்தமாக முடிந்தது. பகல் முழுக்க எந்தக் குறையும் இல்லை. இரவு நகல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

போகப் போகப் பகலிலும் தொல்லை தொடங்கியது. பெரிய வரைபடத்தைத் திறந்தால் சில நொடிகள் திரை உறைந்து, பிறகு தானாகவே நகரும். தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்எச் இணைப்பில் தட்டிய எழுத்துகள் எதுவும் தெரியாது. சற்றுப் பொறுத்தால் மொத்தமாக வந்து விழும். இணைப்பு மட்டும் அறுந்துபோகாது. தொலைந்த தரவுப் பொட்டலங்களை டிசிபி நெறிமுறை விடாமல் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பதால், கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதே சில நேரம் சந்தேகமாகிவிடும்.

இத்தகைய புகாருக்கு முதல் பலி எப்போதும் கேபிள்தான். கேபிளை மாற்றினோம், ஸ்விட்சில் வேறு துளையில் செருகினோம். பயனில்லை. அதற்கு முன்பே நெட்வொர்க் அட்டையின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கருவி தரும் கணக்கைப் பார்த்திருந்தால் போதும்: வழியில் சிதைந்த தரவைக் காட்டும் சிஆர்சி பிழைகள் சுழியமாக இருந்தன. கேபிள் கெட்டிருந்தால் அந்த எண் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

இணைப்பைச் சோதிக்கச் சிறு பொட்டலங்களை அனுப்பும் பிங்கை மணிக்கணக்கில் ஓடவிட்டு "ஒன்றும் தொலையவில்லையே" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. லினக்ஸில் பிங் வழக்கமாக அனுப்புவது 56 பைட் தரவு. நெட்வொர்க் அட்டைக்கு அது ஒரு வேலையே அல்ல. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கொண்டு இரு திசையிலும் தனித்தனியாகச் சோதித்தபோதுதான் உருப்படியான தடயம் கிடைத்தது. சர்வருக்குள் தரவு வரும்போது 940 மெகாபிட் அளவில் நிலையாக ஓடியது. ஜிகாபிட் இணைப்பில் டிசிபிக்குக் கிடைக்கும் உச்சம் ஏறக்குறைய அதுதான். சர்வரிலிருந்து வெளியே போகும்போது அதே வேகத்தில் தொடங்கி, திடீரென்று சுழியத்துக்கு இறங்கி, சில நொடிகளில் மீண்டது. ஆக, கோளாறு அனுப்பும் பக்கத்தில்.

அடுத்து நான் செய்ததைத்தான் இந்த அனுபவத்தில் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இயங்குதள மேம்படுத்தலை நாம் ஒரே மாற்றமாக நினைக்கிறோம். உண்மையில் இயங்குதளத்தின் கருவான கெர்னல், வன்பொருளை இயக்கும் டிரைவர், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, சாம்பா என்று நூற்றுக்கணக்கானவை ஒரே நாளில் மாறுகின்றன. ஆனால் டெபியன் பழைய கெர்னலை உடனே அழிப்பதில்லை. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் 11உடன் வந்த 5.10 கெர்னல் இன்னும் இருந்தது. மற்றவை அனைத்தும் 12 ஆகவே இருக்க, அந்த ஒன்றை மட்டும் பழையதாகத் தேர்ந்தெடுத்து இயக்கினேன். இரவு நகல் முழுதாக முடிந்தது. 6.1 கெர்னலுக்குத் திரும்பினேன், மறுபடி நின்றது. சாம்பா அமைப்பு, தீச்சுவர், ஐபி முகவரி என்று துழாவ வேண்டிய இடங்கள் எல்லாம் ஒரே அடியில் விலகின. மேம்படுத்திய கையோடு ஆட்டோரிமூவ் கட்டளையைத் தட்டிப் பழைய கெர்னலைத் துடைத்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு மாதமாவது கையைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது.

பிறகு கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் கெர்னல் செய்திகளை மட்டும் பிரித்து, நகல் நின்ற நேரத்தைத் தேடினேன். "நெட்டெவ் வாட்ச்டாக்" என்று தொடங்கி, அட்டையின் அனுப்பும் வரிசை குறித்த நேரத்துக்குள் நகரவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே அட்டையை மீட்டமைத்த செய்தி, இணைப்பு விழுந்த செய்தி, எழுந்த செய்தி. திரை உறைந்ததாக எல்லோரும் சொன்ன அந்தச் சில நொடிகள் இவைதான்.

இதன் பின்னணி டிஎஸ்ஓ எனப்படும் வசதி. டிசிபி தரவை 1,500 பைட்டுக்குள் அடங்கும் பொட்டலங்களாக நறுக்கும் வேலையைச் செயலி செய்யாமல், 64 கிலோபைட் வரையிலான பெரிய கட்டியை அப்படியே அட்டையிடம் தள்ளிவிடும். முழுத் தேங்காயைக் கொடுத்து "நீயே துருவிக்கொள்" என்பது போல. நல்ல அட்டை அசராமல் செய்யும். எங்கள் தாய்ப்பலகையிலேயே பதிந்து வந்த அட்டையும் புதிய டிரைவரும் சேர்ந்தபோது, சுமை ஏறினால் திணறியது. பெறும் திசையில் டிஎஸ்ஓவுக்கு வேலையில்லை என்பதால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது.

ஈத்டூல் கட்டளையால் டிஎஸ்ஓவை அணைத்தேன். சோதனை ஓட்டத்தில் வேகம் அசையவில்லை, வாட்ச்டாக் வரியும் வரவில்லை. இணையத்தில் தேடினால் டிஎஸ்ஓவின் இனத்தைச் சேர்ந்த ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ, கூடவே மின்சேமிப்பு வசதிகள் என அத்தனையையும் ஒருசேர அணைக்கச் சொல்வார்கள். அது நோய் தெரியாமல் மருந்துக் கடையையே விழுங்குவது. ஒவ்வொன்றாக அணைத்தால்தான் எது காரணம் என்று தெரியும். செயலிக்குக் கூடிய சுமை, ஜிகாபிட் வேகத்தில் கவனித்துப் பார்த்தாலும் கண்ணில் படவில்லை. 10 ஜிகாபிட் இணைப்பாக இருந்தால் இந்தத் தீர்வை இவ்வளவு எளிதாக ஏற்றிருக்க மாட்டேன்.

கையால் தட்டிய கட்டளை மறுதொடக்கத்தில் காணாமல் போய்விடும். அதை நிலைக்கச் செய்ய, சிஸ்டம்டி நெட்வொர்க் கோப்புறையில் ஒரு லிங்க் கோப்பு எழுதினேன். அட்டைக்கே உரிய மேக் முகவரியைக் கொண்டு அதை அடையாளம் காண்பது, அதற்கு நாம் வைக்கும் பெயரை இடுவது, டிஎஸ்ஓவை அணைப்பது ஆகிய மூன்றும் அதிலேயே முடிந்துவிடுகின்றன. பெயரை நாமே இடுவதில் இன்னொரு லாபம்: கெர்னலோ சிஸ்டம்டியோ மாறும்போது அட்டையின் பெயர் ஓர் எழுத்து மாறினாலும், பழைய பெயரை எதிர்பார்க்கும் அமைப்புக் கோப்பு வேலை செய்யாது, சர்வர் நெட்வொர்க்கே இல்லாமல் எழும். அந்தத் தொல்லை இனி இல்லை. கோப்பை எழுதியதும், கணினி எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது, அதற்கும் மாறிவிட்டோம். பெயர் மாறவில்லை, நகல் நிற்கவில்லை. 6.12 கெர்னலிலாவது சரியாகியிருக்குமோ என்று டிஎஸ்ஓவை மீண்டும் இயக்கிப் பார்த்தேன். அன்றிரவே வாட்ச்டாக் வரி திரும்பிவிட்டது. டெபியன் மீது எனக்குக் குறையில்லை. அடுத்த சர்வருக்கும் அதைத்தான் போடுவேன். தாய்ப்பலகை அட்டையைத்தான் இனி நம்பப் போவதில்லை. தனி அட்டை ஒன்று வாங்கியாயிற்று. அதைச் செருகும் நாளில் லிங்க் கோப்பில் மேக் முகவரியை மாற்ற வேண்டும், டிஎஸ்ஓ வரியை எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டும்.