நீண்ட ஆங்கிலச் சொல்: அசையாக வெட்டுவதா, உறுப்பாகப் பிரிப்பதா?

'ரெஸ்பான்ஸிபிலிட்டி' போன்ற நெடுஞ்சொல்லைக் கையாள இரண்டு வழிகள். ரி-ஸ்பான்-ஸி-பி-லி-டி என்று ஒலியைப் பிடித்து ஆறு அசைகளாக வெட்டலாம். இல்லை, 'ரெஸ்பான்ஸிபிள்' + 'இட்டி' என உறுப்புகளாகப் பிரிக்கலாம். என் கட்சி இரண்டாவது.

அசை வழி தொடக்க வகுப்புக்குப் போதும். உயிரொலிகளை எண்ணினால் வேலை முடிந்தது. ஆனால் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்று அது காட்டாது. தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல் மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆறு அசைகளையும் ஒரே எடையில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலக் காது அங்கேதான் தடுமாறும்.

அழுத்தத்தின் சாவி பெரும்பாலும் பின்னொட்டில் இருக்கிறது. கடைசியிலிருந்து தொடங்குங்கள். 'ஷன்', 'இக்', 'இட்டி' வந்தால் அதற்கு நேர் முந்தைய அசையை ஓங்குங்கள்: மேலே சொன்ன சொல்லில் நான்காவதான 'பி'. 'க்ரஸி', 'க்ரஃபி', 'லஜி' ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. 'டெமக்ராட்' முதல் அசையில் ஓங்கும், 'டிமாக்ரஸி' இரண்டாவதில், 'டெமக்ராட்டிக்' மூன்றாவதில். 'ஈர்' வந்தால் அதுவே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். 'என்ஜினீர்' கடைசியில் ஓங்குவது அதனால்தான். 'நெஸ்', 'ஃபுல்', 'லி' எதையும் நகர்த்தா.

எழுத்துப்பிழைக்கும் இதுவே மருந்து. அழுத்தம் இழந்த உயிர் மங்கிப்போகும். 'காம்படிஷன்' நடுவில் 'ஈ' எழுத்தா, 'ஐ' எழுத்தா என்று காது சொல்லாது, 'கம்பீட்' சொல்லும்.

விதியை மீறும் சொற்களும் உண்டு. 'பாலிடிக்ஸ்', 'அராபிக்' இரண்டும் முதல் அசையிலேயே ஓங்குகின்றன. 'மென்ட்' பொதுவாகச் சாது. 'டெவலப்', 'டெவலப்மென்ட்' இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசைதான். ஆனால் 'அட்வர்டைஸ்மென்ட்' என்பதைப் பிரிட்டனில் இரண்டாம் அசையிலும் அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்றாவதிலும் ஓங்குகிறார்கள். நீளச் சொற்களில் முதன்மை அழுத்தத்துக்கு இரண்டு அசை முன்னால் இலேசான துணை அழுத்தம் விழுவது வழக்கம். 'அட்மினிஸ்ட்ரேஷன்' அப்படித்தான், 'ரே' முதன்மை, 'மி' துணை. இதை வழக்கம் என்றுதான் சொல்லலாம், சட்டம் என்று சத்தியம் செய்ய முடியாது.

உறுப்பு வழி கைவிடும் இடமும் உண்டு. 'ஹெலிகாப்டர்' கிரேக்கத்தில் 'ஹெலிகோ' + 'ப்டர்'. இந்த வெட்டு வாசிப்புக்கு உதவாது. 'மிசிசிப்பி' போன்ற ஊர், ஆற்றுப் பெயர்களில் ஆங்கில உறுப்பே கிடையாது. அங்கே அசையாக வெட்டிவிட்டு, அழுத்தத்துக்கு அகராதியைப் புரட்டுங்கள்.