காங்கேயம் நிலாக்கல்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

காங்கேயம் பக்கம் கிடைக்கும் மணிக்கற்களில் கொடுத்த காசுக்கு நிறைவு தருவது நிலாக்கல். வியாபாரிகள் வாயில் அது மூன்ஸ்டோன். சிலோன் கல்லின் நீல மினுமினுப்பு இதில் அபூர்வம். வெள்ளை, சாம்பல், பழுப்பு நிறக் கல்லின் மேல் வெள்ளி ஒளி மிதப்பதுதான் நம்மூர்க் கல்லின் அழகு. பூனைக்கண் கோடும் நான்கு கதிர் நட்சத்திரமும் விழும் கற்கள் உண்டு. அவற்றுக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமே.

தரத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது கல்லை அறுத்துத் தீட்டும் பட்டறை. ஆர்த்தோகிளேஸ், ஆல்பைட் என்ற இரண்டு ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமங்களும் மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருப்பதால்தான் ஒளி சிதறி மிதக்கிறது. கல்லின் அடிப்பாகம் அந்த அடுக்குகளுக்கு இணையாக இருக்கும்படி அறுத்தால் மினுக்கு, குவிமாடமாகத் தீட்டிய கல்லின் நடுவில் நிற்கும். அறுப்பவர் எடையை மிச்சம் பிடிக்கக் கோணத்தை மாற்றினால் அது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். டியூப்லைட்டில் இது தெரியாது. ஒற்றை பல்பின் கீழ் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். 0.2 கிராம்தான் ஒரு கேரட். அடி தடித்த கல்லில் ஒளிக்கு உதவாத எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைலென்ஸில் பூரான் போலக் கால்கள் விரிந்த நுண்கீறல்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயற்கைக் கல்லுக்கே உரியது. மேற்பரப்பு வரை வந்த கீறலை மட்டும் ஒதுக்குங்கள். உருண்டையான காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் அது ஓபலைட் என்ற செயற்கைக் கண்ணாடி. கருப்புத் துணி மேல் நீலமாகவும், விளக்குக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகவும் அது காட்டும். ரெயின்போ மூன்ஸ்டோன் என்று விற்பது லாப்ரடோரைட். கல் உண்மையானதுதான், ஆனால் வேறு இனம்.

கீறலைத் தாங்கும் கடினம் மோஸ் அளவுகோலில் 6 முதல் 6.5 வரைதான். தெருப்புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் தினசரி மோதிரத்துக்கு இது ஆகாது, சீக்கிரம் மங்கிவிடும். தோடு, டாலர், மணிமாலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு தளங்களில் எளிதாகப் பிளக்கும் கல் இது. ஆசாரி ஊதுகுழல் தீயை இதன் அருகே கொண்டுபோகக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டியிலும் போடக் கூடாது; இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீர் போதும்.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தீட்டாத கல்லைக் கிலோ கணக்கில் ஜெய்ப்பூருக்கு அனுப்பினால் தீட்டுக்கூலியும் லாபமும் அங்கேயே தங்கிவிடும். நிலாக்கல் தீட்டப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. 220, 600, 1200 கிரிட் (எண் கூடக்கூட நைசான) சாணைகள், மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு, நிறையத் தண்ணீர் போதும். சூடேறினால் பிளவு ஓடும், அவசரப்படக் கூடாது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் அகழாய்வில் பெரில் என்ற மணிக்கல், படிகம், சூதுபவளம் எல்லாம் இங்கேயே மணியாக்கப்பட்ட தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தத் திறமை மறுபடி இந்தக் கரையில் வேரூன்ற வேண்டும்.

தீட்டாத கல் வாங்கும்போது நனைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெடி வைத்து எடுத்த கல்லில் உள்ளுக்குள் கீறல் ஓடியிருக்கும். உளியால் எடுத்ததற்கே நல்ல விலை கொடுக்கலாம். சொந்தப் பட்டா நிலமானாலும் அரசு அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். விற்பவரிடம் குவாரி அனுமதியும், கல்லை எடுத்துச் செல்வதற்கான நடைச்சீட்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.