கடனா, குறைப்பா, கூலி ஓட்டமா? மந்தகாலத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் கணக்கு

மண்டபம், ராமேசுவரம் பக்கம் ஐஸ் கம்பெனி நடத்துபவர்களுக்குத் தொழில் படுப்பது புதிதல்ல. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கம்ப்ரசரைப் பிரித்துப் பார்த்து, ஐஸ் உறையவைக்கும் கேன்களில் ஓட்டை விழுந்தவற்றுக்குப் பற்றவைத்து அந்த இரண்டு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். பொருளாதார மந்தத்தையும் இப்படியே தள்ளிவிடலாம் என்று நினைப்பதில்தான் சிக்கல். தடைக்காலத்துக்கு முடிவுத் தேதி உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது, இறால் ஏற்றுமதிக்காரர்கள் யாரிடமும் அப்படியொரு தேதி இல்லை.

முதலில் கை போவது கடன் பக்கம். 2020 கொரோனாவில் அது பலரைக் காப்பாற்றியது உண்மைதான். தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அரசு உத்தரவாதத்தில் பழைய கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடனும் கிடைத்தது. சாதாரண மந்தத்தில் அதெல்லாம் கிடையாது. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். சி.சி. (கேஷ் கிரெடிட்) என்ற நடைமுறை மூலதனக் கடன் கணக்குக்குச் சரக்கு இருப்புக் காட்ட வேண்டும். கருவாட்டு வியாபாரி குடோனைத் திறந்து மூட்டையைக் காட்டுவார், ஐஸ்காரர் எதைக் காட்டுவது? கடைசியில் வீட்டு நகைதான் அடகுக்குப் போகும்.

சரி, உற்பத்தியைக் குறைக்கலாமா? உப்புத்தண்ணீர்த் தொட்டி மைனஸ் 10 டிகிரி வாக்கில் இருந்தால்தான் கேனில் ஐஸ் பார் பிடிக்கும். பாதிக் கேன்களை மட்டும் இறக்கினாலும் தொட்டி முழுவதையும் குளிராக வைத்தாக வேண்டும். கேன் பாதியானால் கரன்ட் பாதியாகாது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலோ, சூடேறிய தொட்டியை மறுபடி குளிராக்கவே கம்ப்ரசர் மணிக்கணக்கில் ஓடும். ராமேசுவரத்தில் விசைப்படகு வாரம் மூன்று நாள்தான் போகும் என்பதால் நீண்ட இடைவெளியும் கிடைக்காது. இதற்கிடையில் கம்ப்ரசர் ஆபரேட்டரை அனுப்பிவிட்டால், அப்புறம் அப்படி ஓர் ஆளைப் பிடிப்பது பெரும்பாடு.

மூன்றாவது வழி கூலி ஓட்டம். மதுரைக்கும் கேரளாவுக்கும் மீன் ஏற்றும் வியாபாரிகளிடம் மாதத்துக்கு இவ்வளவு பார் என்று மொத்தமாகப் பேசி அடித்துக் கொடுப்பது. படகுக்காரர் தரும் விலை வராது. ஆனால் படகுக்கு ஏற்றும் ஐஸ் கடன் கணக்கில்தான் போகும். மீன் விற்ற பிறகே காசு. மந்தத்தில் மீன் விலை விழுந்தால் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். எனவே ரேட் குறைவாக இருந்தாலும் வாராவாரம் கைக்கு வரும் பணத்துக்கே என் ஓட்டு. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் சட்டமும் துணைக்கு உண்டு. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. (புகார் கொடுத்தால் இருக்கிற வாடிக்கையாளரும் போய்விடுவாரே என்று முக்கால்வாசிப் பேர் வாயே திறப்பதில்லை, அது வேறு கதை.)

ஆகவே முதலில் கூலி ஓட்டத்தைப் பிடித்து, அது எத்தனை பார் கேட்கிறதோ அந்த அளவுக்கு உற்பத்தியைக் குறைப்பதுதான் சரியான வரிசை. கம்ப்ரசர் ரிப்பேர் போலத் தொகையும் தேதியும் தெரிந்த செலவுக்கு மட்டும் கடன். மின்வாரியத்தில் லோடை (இணைப்புக்கு அனுமதித்த மின்சுமையை) குறைக்க எழுதிக்கொடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். நிலைக் கட்டணம் குறையும்தான், ஆனால் திரும்ப ஏற்றும்போது மறுபடியும் டெபாசிட் கட்ட வேண்டிவரும்.