அமெரிக்காவில் பிசிசியன் அசிஸ்டன்ட் மாஸ்டர்ஸ் சீட் "கன்ஃபர்ம்" என்கிறார்களா? 1,77,000 ரூபாய் போன கதை இது

ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரம் ரூபாய். அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். இன்று மதியம் பணம் வாங்கிய கன்சல்டன்சியிடமிருந்து கடைசி மெயில் வந்தது: "சர்வீஸ் ஏற்கனவே வழங்கப்பட்டுவிட்டதால் ரீஃபண்ட் பொருந்தாது." என்ன சர்வீஸ் என்று திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் வீட்டில் "போனது போகட்டும் விடு" என்பார்கள், நானும் விட்டுவிடுவேன்.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருப்பதால் வக்கீல் நண்பர் போடாதே என்கிறார். சென்னையில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டி மாடியில் இருக்கும் வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சி, அவ்வளவுதான் சொல்ல முடியும். இன்ஸ்டாவில் குறிப்பாக நம்மைப் போன்ற பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டன்ட் ஆட்களுக்கென்றே விளம்பரம் போடுகிறார்கள்.

இந்தப் படிப்பு பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பிசிசியன் அசிஸ்டன்ட், சுருக்கமாக பிஏ, என்றால் டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்க உதவுபவர். இந்தியாவில் இந்தப் படிப்பை 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் ஆரம்பித்தார். இப்போது தமிழ்நாட்டில் நிறைய கல்லூரிகளில் இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். நான் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். ரவுண்ட்ஸ் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, தியேட்டரில் அசிஸ்ட் செய்வது என்று வேலைக்குக் குறைவே இல்லை, சம்பளத்துக்குத்தான் குறை. அமெரிக்காவில் இதே பெயரில் இருக்கும் வேலை 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே அது மாஸ்டர்ஸ் படிப்பு, மருந்து எழுதும் அதிகாரம், நல்ல சம்பளம். பெயர் ஒன்றாக இருப்பதுதான் இந்தக் கன்சல்டன்சிக்காரர்களுக்கு மூலதனம்.

அங்கே பேசிய மேடத்தை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. எடுத்ததும் பணம் பற்றிப் பேசவில்லை. எந்த வார்டு, நைட் டியூட்டி எத்தனை என்று விசாரித்தார். "நானும் ஐசியூல நர்ஸா இருந்தவதான் தம்பி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார். அப்பாவை "நீங்க இங்க உட்காருங்கப்பா" என்று ஏசிக்கு நேராக உட்கார வைத்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் சர்க்கரை இல்லாத காபிக்குத் தனியாகச் சொல்லி அனுப்பினார். காய்கறிக் கடையில் இரண்டு ரூபாய்க்கு நின்று பேரம் பேசுகிற மனிதர் என் அப்பா. அன்று வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஒரு தாளை எடுத்தார். தகுதிகள் வரிசையாக அச்சடித்திருந்தது. பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். டிகிரி, டிக். ஜிபிஏ (4க்கு எடுத்த சராசரி மதிப்பெண்) 3.0, டிக். பேஷன்ட் கேர் 1000 மணி நேரம், டிக். "எல்லாமே பச்சை தம்பி. நீங்க ஏற்கனவே பிஏ படிச்சவர், உங்களுக்கு லேட்டரல் என்ட்ரி, நேரா செகண்ட் இயர். ஜூன்ல ஃபிளைட்." கட்டணம் 1,50,000, அதற்கு 18% ஜிஎஸ்டி 27,000. மொத்தம் 1,77,000. அப்பா அங்கேயே உட்கார்ந்து ஜிபே செய்தார், லிமிட் தாண்டியதால் மீதியை மறுநாள் பேங்கில் போட்டார்.

அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த டிக்குகளின் லட்சணத்தைப் பல்கலைக்கழகங்களின் அட்மிஷன் பக்கங்களைப் படித்தும், நேரடியாக மெயில் போட்டுக் கேட்டும் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

டிகிரி. நம் மதிப்பெண் பட்டியலை அப்படியே ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு பாடத்தையும் அமெரிக்க கிரெடிட் கணக்குக்கு மாற்றித் தரும் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அதற்குப் பிறகும் பல கல்லூரிகள் அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி போன்ற முன்தேவைப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில்தான் முடித்திருக்க வேண்டும் என்கின்றன. சில பாடங்களுக்கு லேப் வேண்டும். படித்து இத்தனை வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று கெடு வைக்கும் கல்லூரிகளும் உண்டு. சில இடங்களில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கேட்கிறார்கள். நான் அதைப் பிளஸ் டூவில் பார்த்ததோடு சரி.

ஜிபிஏ. என்னுடைய 71 சதவீதத்தைக் கால்குலேட்டரில் தட்டி "3.6 வருது, சூப்பர்" என்றார் அந்த மேடம். அதைக் கால்குலேட்டரில் தட்டி எடுக்க முடியாது, மதிப்பீட்டு நிறுவனம்தான் பாடம் பாடமாகக் கணக்குப் போட வேண்டும். 3.0 என்பது பல இடங்களில் குறைந்தபட்சம், மொத்தத்துக்குத் தனியாக, அறிவியல் பாடங்களுக்குத் தனியாகப் பார்ப்பார்கள். 3.0 இருந்தால் விண்ணப்பம் குப்பைக்குப் போகாது, அவ்வளவே. சீட் கிடைக்கிறவர்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறார்கள்.

பேஷன்ட் கேர் மணி நேரம். இதில் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம், சில நூறு மணியில் ஆரம்பித்து 2000 வரை கேட்கிறார்கள். "உங்க இன்டர்ன்ஷிப்பே போதும்" என்றார். படிப்பின் ஒரு பகுதியாகச் செய்த கிளினிக்கல் போஸ்டிங்கைப் பல கல்லூரிகள் கணக்கில் எடுப்பதே இல்லை. பெரும்பாலும் சம்பளத்துக்குச் செய்த வேலைதான் எடுபடும்.

லேட்டரல் என்ட்ரி. இதுதான் பச்சைப் பொய். அங்கே இந்தப் படிப்பு சுமார் 27 மாதம். முதல் பாதி வகுப்பு, மறு பாதி ஆஸ்பத்திரி ரொட்டேஷன். முன்பு எங்கே என்ன படித்திருந்தாலும் பாதியில் சேர்க்க மாட்டோம் என்று பெரும்பாலான கல்லூரிகள் எழுதியே வைத்திருக்கின்றன. ஏஆர்சி-பிஏ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர் மட்டுமே என்சிசிபிஏ என்ற இன்னொரு அமைப்பு நடத்தும் பேன்ஸ் என்ற தகுதித் தேர்வை எழுத முடியும். அந்தத் தேர்வு இல்லாமல் எந்த மாநிலத்திலும் லைசென்ஸ் கிடையாது. ஏஆர்சி-பிஏ அமெரிக்காவில் உள்ள படிப்புகளுக்கு மட்டும்தான் அங்கீகாரம் தருகிறது. நம் ஊர் எம்.பி.பி.எஸ். டாக்டரே போனாலும் அந்தப் படிப்பை முதலில் இருந்து படித்தாக வேண்டும். நமக்கு மட்டும் குறுக்கு வழி எங்கிருந்து வரும்?

அந்தத் தாளில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவர்களுக்கும் மட்டும்தான் இடம் என்று சொல்லும் கல்லூரிகள் நிறைய. வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நமக்குக் கதவு திறந்திருப்பவை எவை என்று முதலில் பொறுக்கி எடுத்தாக வேண்டும். எனக்காக "தேர்ந்தெடுத்ததாக" அவர்கள் கொடுத்த பட்டியலில் ஒரு கல்லூரிக்கு நானே மெயில் போட்டேன். விசா தேவைப்படும் மாணவர்களை நாங்கள் எடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று அந்த மேடம் சொன்னது மட்டும் பாதி உண்மை. பல கல்லூரிகள் அதை விட்டுவிட்டன, சில கல்லூரிகள் அதற்குப் பதில் பிஏ-கேட் என்ற வேறு தேர்வைக் கேட்கின்றன.

இனி அந்த "சர்வீஸ்" கதை. அங்கே விண்ணப்பம் பெரும்பாலும் காஸ்பா என்ற பொது இணையதளம் வழியாகத்தான். ஏப்ரல் கடைசியில் திறக்கும். இந்த வருடம் போட்டால் அனேகமாக அடுத்த வருடம்தான் வகுப்பு. ஜனவரியில் பணம் வாங்கிக்கொண்டு ஜூனில் ஃபிளைட் என்று எப்படிச் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா? என் காஸ்பா கணக்கை அவர்களுடைய மெயில் ஐடியில் அவர்களே தொடங்கினார்கள். பாஸ்வேர்ட் கேட்டால் "அது ப்ராசஸிங் டீம்கிட்ட இருக்கு". பல மாதம் சண்டை போட்டு, கடைசியில் ஒரு ஜூனியர் பையன் பாவம் பார்த்து அனுப்பிவிட்டான். உள்ளே போய்ப் பார்த்தேன். விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படவே இல்லை. மதிப்பெண் பட்டியல் போகவில்லை. பரிந்துரைக் கடிதம் கொடுப்பவர்கள் என்று மூன்று டாக்டர்கள் பெயர், ஒருவரையும் எனக்குத் தெரியாது. பேஷன்ட் கேர் பகுதியில் நான் காலடி வைக்காத ஒரு ஆஸ்பத்திரியில் 4,000 மணி நேரம் வேலை பார்த்ததாக இருந்தது.

பர்சனல் ஸ்டேட்மென்ட் என்று 5000 எழுத்துக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதில் நான் ஹைதராபாத்தில் பிறந்து, பாட்டிக்குப் பக்கவாதம் வந்ததைப் பார்த்துப் பெண்களுக்குச் சேவை செய்ய முடிவெடுத்த ஒரு இளம்பெண். நான் தஞ்சாவூர்க்காரன். மீசை வைத்திருக்கிறேன். வேறு யாருக்கோ எழுதியதை ஒட்டியிருக்கிறார்கள், "மகளாக" என்ற இடத்தைக்கூட மாற்றவில்லை. இது மட்டும் சமர்ப்பிக்கப்பட்டிருந்தால் பொய்த் தகவல் கொடுத்தவன் என்று என் பெயர்தான் கெட்டிருக்கும். விண்ணப்பத்தில் எல்லாம் உண்மை என்று உறுதி கொடுப்பது நான்தானே, அவர்கள் இல்லையே.

நேரில் போனேன். காபி எல்லாம் இல்லை. அந்த மேடம் "வேற பிராஞ்ச் போயிட்டாங்க". எந்த பிராஞ்ச்? "அது தெரியாது சார்." தம்பி போய் சார் ஆகிவிட்டேன். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார், மீட்டிங் முடிந்து லஞ்ச்சுக்குப் போனார், லஞ்ச் முடிந்து வரவே இல்லை. போனில் கூப்பிட்டால் "யு.எஸ்.ல இப்ப நைட் சார்". ராத்திரி கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும்.

பிறகு மேனேஜரே ஒரு நாள் கூப்பிட்டு ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்றார். பிரித்துப் பார்த்தால் ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன் மாஸ்டர்ஸ். ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பு! "முதல்ல இதுல சேருங்க, ஐ-20 (மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம்) வந்துரும், ஒரு செமஸ்டர் கழிச்சு பிஏவுக்கு மாத்திக்கலாம்." அப்படி மாற்ற முடியாது என்று சொன்னேன். "அப்ப யு.கே. போங்களேன், அங்க ரெண்டு வருஷம்தான்." அங்கே நிலைமை என்ன என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அங்கே 2024 டிசம்பரில்தான் இந்த வேலை, டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பதிவுக்குள் வந்தது. இந்த வேலையை ஆராய்ந்து 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை, நோய் இன்னதென்று தெரியாமல் வரும் நோயாளிகளை இவர்கள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லிவிட்டது. அங்கே படித்து முடித்தவர்களே வேலைக்குத் தவிக்கிறார்கள். இவர் ஏதோ பஸ் மாறுகிற மாதிரி நாட்டை மாற்றச் சொல்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. "27,000 கவர்ன்மென்ட்டுக்குக் கட்டியாச்சு சார், அதை யார் தர முடியும்." ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி என்று தொகை இருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணே இல்லை. அடியில் பொடி எழுத்தில் "கவுன்சிலிங் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்று இருக்கிறது. பணம் கட்டும்போது அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. 1,77,000 ரூபாய்க்கு அவர்கள் செய்த வேலை ஒரு பச்சைப் பேனா, ஒரு ஹைதராபாத் பாட்டி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். கல்லூரியின் பெயர் ஏஆர்சி-பிஏ தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், வெளிநாட்டு மாணவரை எடுப்பார்களா என்று நீங்களே மெயில் போடுங்கள், பதில் இலவசம். காஸ்பா கணக்கை உங்கள் மெயிலில், உங்கள் பாஸ்வேர்டில் மட்டும் தொடங்குங்கள். லேட்டரல் என்ட்ரி என்ற வார்த்தை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத ரசீதுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஏற்கனவே கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் சாட் எதையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம், நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். அதே மாடியில் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், குறிப்பாகப் பக்கவாதம் வந்த பாட்டி உள்ள அந்த ஹைதராபாத் பெண். உங்கள் கட்டுரை என்னிடம்தான் இருக்கிறது.