முதல் ஸ்கூபா கப்பல் பயணம்: மாலத்தீவா, செங்கடலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே, அலிவால் ஷோல் என்னும் கடலடிப் பாறைத்திட்டில் முக்குளித்துப் பழகிய நம்மவர், கப்பலிலேயே தங்கி முக்குளிக்கும் முதல் பயணத்துக்கு மாலத்தீவையா, எகிப்தின் செங்கடலையா தேர்ந்தெடுப்பது என்று தயங்குவது இயல்பே.

மாலத்தீவில் காற்று உருளைகளும் உடுப்புகளும் டோனி என்னும் துணைப்படகில் இருப்பதால், தங்கும் கப்பலில் இரைச்சல் குறைவு. ஆனால் அங்குள்ள கால்வாய்களில் நீரோட்டம் வலுவானது. கொக்கியைப் பாறையில் மாட்டி, உடல் காற்றில் ஆடும் கொடிபோல் நீள, சுறாக்களைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். மேலே வருமுன், இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாயை ஊதி அனுப்பவும் கை பழகியிருக்க வேண்டும். அலிவால் ஷோலுக்குப் படகு புறப்படும் உம்கோமாஸில் ரப்பர் படகேறி அலையைக் கடந்து, ஓட்டத்தோடு மிதந்தவருக்கு இதில் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது. அவருக்கு நான் மாலத்தீவையே சொல்வேன்.

செங்கடலின் வடபகுதி, சிதைந்த கப்பல்களை நேசிப்பவருக்கு உரியது. 1941இல் குண்டுவீச்சில் மூழ்கிய திசில்கார்ம் என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் அறைகளில் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அங்கே செல்வதாயின் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள சுவாசக் காற்று) பயிற்சியை டர்பனிலேயே முடித்துவிடுவது நல்லது. குளிர்காலத்தில் தடித்த உடுப்பு கட்டாயம் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள்.