ஃப்ளோரிடாவுல கோல்ஃப் கிளப்போட சேர்ந்த வீடு: மெம்பர்ஷிப் கணக்கு போட்டு பாத்தோம்

சரசோட்டா, பிராடென்டன் பக்கம் கொஞ்சம் உள்ளடங்கி இருக்கற ஒரு கோல்ஃப் கம்யூனிட்டில வீடு பாக்க போனோம். அவங்களே ஸ்டே அண்ட் ப்ளேன்னு ஒரு பேக்கேஜ் வெச்சிருக்காங்க, உள்ளயே தங்கி, ஆடி, சாப்பிட்டு, மெம்பர்ஷிப் டாக்குமென்ட் மொத்தமும் வாங்கிட்டு வந்து உக்காந்து படிச்சோம். கிளப் பேர போடல, இதே மாதிரி கிளப் அந்த ஏரியால நிறைய இருக்கு, நான் சொல்றது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும். நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு பேரும் ஆடுவோம், சின்னவளும் காலேஜ் போயாச்சு, டாம்பால இருக்கற வீட்ட வித்துட்டு அந்தப்பக்கம் போயிடலாமான்னு ஒரு யோசனை. நம்ம ஆளுங்க நிறைய பேரு இப்ப இந்த வயசுக்கு வந்துட்டாங்க, பார்ட்டில பாக்கறப்பல்லாம் இதே பேச்சுதான், அதனால விரிவாவே எழுதறேன்.

முதல்ல நல்லத சொல்லிடறேன், கோர்ஸ் அருமை. 18 ஹோல், பெர்முடா புல் போட்ட கிரீன் (குழி இருக்கற எடம்), பந்து அப்படியே உருண்டு போகுது, பங்கர்ங்கற மணல் குழில மணல் புதுசு, பிராக்டிஸ் ரேஞ்ச்ல நல்ல பந்தா குவிச்சு வெச்சிருக்காங்க, சிப்பிங் பண்ண, பங்கர் ஷாட் பழக தனி ஏரியா. பேக வண்டில இருந்து எடுக்கறதுக்குள்ள ஒரு பையன் ஓடி வந்து கோல்ஃப் கார்ட்ல (கோர்ஸ்ல ஓட்டற குட்டி வண்டி) கட்டிட்டான், ஆடி முடிச்சதும் கோல்ஃப் ஸ்டிக்க தொடச்சு குடுக்கறாங்க. ஜிம், நீச்சல் குளம், பச்சை களிமண் போட்ட டென்னிஸ் கோர்ட், பிக்கிள்பால் எல்லாம் இருக்கு, பிக்கிள்பால் கோர்ட்லதான் கூட்டம் ஜாஸ்தி. ஆனா நடந்து ஆடற பழக்கம் உள்ளவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி வீட்டு மனை விக்கறதுக்காக போட்ட கோர்ஸ்ல ஒரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் (பந்த முதல்ல அடிக்கற எடம்) நடுவுல ரோடு, வீடு, ஏரின்னு ரொம்ப தூரம் இருக்கும், எல்லா வீட்டுக்கும் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல உள்ள புல்வெளி) வியூ வரணும்னு இழுத்து இழுத்து போட்டிருப்பாங்க. அதனால கார்ட் இல்லாம ஆடறது கஷ்டம், கார்ட் ஃபீஸ் தவிர்க்க முடியாத செலவு.

இப்ப பணம். சேர்றதுக்கு ஒரே தடவ கட்டற இனிஷியேஷன் ஃபீ அவங்க சொன்னது 55,000 டாலர், திரும்ப வராது. மாச ட்யூஸ் (மெம்பர் சந்தா) 1,100, அப்ப வருஷத்துக்கு 13,200. ரெஸ்டாரன்ட்ல வருஷத்துக்கு கொறஞ்சது 1,800 டாலருக்கு சாப்பிட்டே ஆகணும், சாப்பிடலைன்னாலும் பில் வந்துடும். கேபிட்டல் ஃபீன்னு 1,500, பேக் வெக்க, லாக்கர் எல்லாம் சேத்து 400. ஆக கோல்ஃப் ஸ்டிக்க கையில எடுக்கறதுக்கு முன்னாடியே வருஷத்துக்கு 16,900, டாக்ஸ் தனி. கார்ட் ஆளுக்கு ஒரு ரவுண்டுக்கு 28. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போயிட்டு ஆளுக்கு வருஷம் 60 ரவுண்ட் ஆடறதே பெருசு, அதுக்கு கார்ட் மட்டும் 3,360. கூட்டினா 20,260. அத 120 ரவுண்டால வகுத்தா ஒரு ரவுண்டுக்கு கிட்டத்தட்ட 170 டாலர். இனிஷியேஷன பத்து வருஷத்துக்கு பிரிச்சு சேத்தா 215 ஆயிடுது. பக்கத்துல நல்லா மெயின்டெய்ன் பண்ற பப்ளிக் கோர்ஸ்ல நாங்க குளிர்கால சீசன்லயே கார்ட்டோட 90லேர்ந்து 130க்கு ஆடறோம், வெயில் காலத்துல 50, 60க்கு கெடைக்குது. ரிட்டயர் ஆகி வாரத்துக்கு நாலு நாள் ஆடறவங்களுக்கு கணக்கு வேற, அவங்களுக்கு ஒரு ரவுண்ட் செலவு பாதிக்கும் கீழ வந்துடும், கிளப் அவங்களுக்கு நல்ல டீல்தான். வேலைல இருக்கறவங்க இந்த வகுத்தல ஒரு தடவ பேப்பர்ல போட்டு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, ப்ளீஸ்.

இதுல எச்.ஓ.ஏ. (வீட்டு ஓனர்ங்க அசோசியேஷன்) ஃபீ சேரல, அது தனி. சி.டி.டி.யும் (கம்யூனிட்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட்) தனி. ஃப்ளோரிடாவுல 1980ல ஒரு சட்டம் வந்துச்சு, அதுல இந்த டிஸ்ட்ரிக்ட் ரோடு, டிரெய்னேஜ் எல்லாம் போட பாண்ட் வித்து கடன் வாங்கி, அந்த கடன வீடு வாங்கறவங்க தலைல வருஷா வருஷம் பிரிச்சு போடலாம். ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்லுல நான்-ஆட்-வலோரம் (non-ad valorem)னு ஒரு லைன்ல ஒளிஞ்சிருக்கும், வீட்டு விளம்பரத்துல பல நேரம் அது தெரியாது, கவுண்டி வெப்சைட்ல அந்த அட்ரஸ் போட்டு போன வருஷ பில்ல எடுத்து பாத்துடுங்க. எங்களுக்கு காட்டின வீட்டுக்கு வருஷம் 2,600 வந்துச்சு, ஏஜென்ட் அத பத்தி வாயே தொறக்கல. இன்னொண்ணு, பிசினஸ் வெச்சிருக்கற ஃப்ரெண்ட்ஸ் சிலர் கம்பெனி செலவுல எழுதிக்கலாம்னு சொல்றாங்க, அது நடக்காது, 1994லேர்ந்தே கிளப் ட்யூஸ பிசினஸ் செலவா கழிக்க ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) விடறதில்ல.

எல்லாரும் கேக்கற கேள்வி சேர எவ்ளோன்னுதான். நான் கேக்க சொல்ற கேள்வி, வெளிய வரணும்னா எவ்ளோ, எப்படின்னு. சில கிளப்புல மெம்பர்ஷிப் கட்டாயம், வீடு வாங்கினா சேந்தே ஆகணும், வீட்ட வித்தாதான் விடுதலை. நாளைக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஆட முடியலைன்னாலும் ட்யூஸ் ஓடும், சில எடத்துல கோல்ஃப் இல்லாத சோஷியல் மெம்பரா மாற விடுவாங்க, அதுக்கும் வெயிட்டிங் லிஸ்ட். 2008ல வீட்டு மார்க்கெட் விழுந்ததுக்கு அப்புறம் பாம் பீச் கவுண்டி பக்கம் இந்த கட்டாய மெம்பர்ஷிப் கம்யூனிட்டிகள்ல என்ன ஆச்சுன்னா, அடிமாட்டு விலைக்கு காண்டோ குடுக்கறேன்னாலும் வாங்க ஆள் இல்ல, ஏன்னா வாங்கறவன் இனிஷியேஷன் கட்டணும், வருஷா வருஷம் ட்யூஸ் கட்டணும், வீட்டு விலைய விட அது பயமா இருந்துச்சு. இறந்துபோன பெத்தவங்க வீட்ட பிள்ளைங்க வெச்சுக்கவும் முடியாம விக்கவும் முடியாம தவிச்ச கதையெல்லாம் உண்டு. 2020ல கோவிட் வந்தப்புறம் தலைகீழா மாறிடுச்சு, எல்லாரும் கோல்ஃப் ஆட ஆரம்பிச்சாங்க, கிளப்புங்க இனிஷியேஷன ஏத்திட்டே போனாங்க. இன்னைக்கு சேல்ஸ் ஆபீஸ்ல இருக்கறவங்க இந்த ரெண்டாவது பாதிய மட்டும்தான் சொல்வாங்க. ரீஃபண்ட் உண்டுன்னு சொல்ற, மெம்பர்ங்களே ஓனரா இருக்கற ஈக்விட்டி கிளப்புலயும் உடனே பணம் வராது, ரிசைன் லிஸ்ட்ல நிக்கணும், புதுசா இத்தன பேர் சேந்தா பழசுல ஒருத்தருக்கு பணம்னு ஒரு விகிதம் வெச்சிருப்பாங்க, அந்த வரிசைல நிக்கற காலத்துக்கும் ட்யூஸ் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. நாங்க பாத்த கிளப்புல கட்டாயம் இல்ல, அது ஒரு பெரிய ப்ளஸ், வீடு வாங்கிட்டு கோல்ஃப் மெம்பர் ஆகாமயும் இருக்கலாம்.

அடுத்தது கோர்ஸோட வயசு. இத யாரும் பாக்கறதே இல்ல, ஆனா பெரிய அசெஸ்மென்ட் (மெம்பர்ங்க கிட்ட தனியா வசூலிக்கற பணம்) எல்லாம் இங்கேர்ந்துதான் வரும். அமெரிக்க கோல்ஃப் கோர்ஸ் ஆர்க்கிடெக்ட்ஸ் சொசைட்டி போட்ட ஒரு அட்டவணை இருக்கு, அதுல கிரீன் 15லேர்ந்து 30 வருஷம், தண்ணி பாய்ச்சற சிஸ்டம் 10லேர்ந்து 30, பம்ப் ஸ்டேஷன் 15லேர்ந்து 20, பங்கர் மணல் வெறும் 5லேர்ந்து 7 வருஷம்தான் தாங்கும்னு போட்டிருக்கும். இந்த கிளப் 2000த்த ஒட்டி கட்டினது. மணல் புதுசா மாத்திட்டாங்க, பாக்க பளிச்சுன்னு இருக்கு, ஆனா கிரீன் எப்ப கடைசியா தோண்டி மாத்தினீங்கன்னு கேட்டா மெம்பர்ஷிப் டைரக்டர் பேச்ச மாத்தி புது பார் பேஷியோ பத்தி சொல்ல ஆரம்பிச்சாங்க. திரும்ப கேட்டோம், இன்னும் மாத்தலன்னு பதில். அப்ப அடுத்த சில வருஷத்துல கிரீன், பைப் ரெண்டும் மாத்தி ஆகணும், கோர்ஸ் ஒரு சம்மர் முழுக்க மூடியிருக்கும், செலவு மெம்பர்ங்க தலைல. ரிசர்வ் ஸ்டடியும் (பெரிய ரிப்பேருக்கு எவ்ளோ பணம் சேத்து வெக்கணும்ங்கற அறிக்கை) கடைசி மூணு வருஷ மீட்டிங் மினிட்ஸும் குடுங்கன்னு கேட்டிருக்கோம், இன்னும் வரல. இதுக்கு மேல புயல். 2022 செப்டம்பர் 28 இயன், 2024 அக்டோபர் 9 மில்டன், ரெண்டும் இந்த கரையிலதான் ஏறுச்சு. மரம் விழுந்தது, கூரை போனதுன்னு இன்ஷூரன்ஸ் டிடக்டிபிள் (முதல்ல நம்ம கையிலேர்ந்து கட்ட வேண்டிய தொகை) தாண்டாத செலவெல்லாம் கிளப் எப்படி கட்டுச்சுன்னு கேளுங்க, அந்த பதில்ல அவங்க கையிருப்பு என்னன்னு தெரிஞ்சிடும்.

சாப்பாடு. 1,800 டாலர் மினிமம்னு சொன்னேன் இல்ல, நாங்க ரெண்டு பேரும் சைவம். மெனுல எங்களுக்கு இருந்தது ஃப்ளாட்பிரெட், சீசர் சாலட், ஒரு பாஸ்டா, பிளாக் பீன் பர்கர், அவ்ளோதான். செஃப் ரொம்ப அன்பா வெளிய வந்து பேசினாரு, முன்னாடியே சொன்னா காரமா ஏதாவது பண்ணித்தரேன்னாரு, அத நான் மதிக்கறேன். ஆனா வருஷம் பூரா மாசம் 150 டாலருக்கு இத சாப்பிட முடியுமான்னு யோசிச்சா மனசு ஒப்பல. ஒயின், பீர் இந்த மினிமம்ல சேருமான்னு கேளுங்க, சில கிளப்புல சேராது. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் தங்கினா குளம், ஜிம் யூஸ் பண்ண விடுவாங்களா, இல்ல ஒவ்வொரு நாளும் கெஸ்ட் ஃபீயான்னும் கேளுங்க, இங்க வீட்டோட தங்கற பெத்தவங்களுக்கு ஒரு அடையாள அட்டை போட்டு குடுத்துடறாங்க, ரொம்ப நல்ல விஷயம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்தது லேடீஸ் லீக் நேரம்தான். 18 ஹோல் லீக் செவ்வாய்க்கிழமை காலைல, 9 ஹோல் லீக் வியாழக்கிழமை காலைல. வேலைக்கு போற பொம்பளைக்கு எடமே இல்ல. சனிக்கிழமை காலைல நல்ல நேரமெல்லாம் மென்ஸ் குரூப் எடுத்துடுது. லீக்ல ஆடினாதான் நாலு பேர் பழக்கமாகும், அதுக்குத்தானே கிளப்புல சேர்றோம், பந்த அடிக்கறதுக்கு மட்டும்னா எங்க வேணா அடிக்கலாம். ஞாயிறு காலைல ஒரு லீக் ஆரம்பிக்கலாமேன்னு கேட்டேன், கமிட்டில சொல்றோம்னாங்க. மெம்பர்ஷிப் யார் பேர்ல இருக்கும்னும் கேட்டுக்கங்க, பல எடத்துல ஒருத்தர் பேர்லதான் போடறாங்க, அவருக்கு ஏதாவது ஆயிட்டா இன்னொருத்தர் பேருக்கு ஃபீ இல்லாம மாறுமான்னு எழுத்துல இருக்கணும். இங்க மாறும்.

வீடு எடுக்கறதுன்னா டீலேர்ந்து 200, 250 கெஜம் தள்ளி வலது பக்கம் இருக்கற வீட்ட தவிர்த்துடுங்க. வலக்கை ஆட்டக்காரங்க அடிச்சு வலது பக்கம் வளைஞ்சு போற ஸ்லைஸ் எல்லாம் அங்கதான் வரும், லனாய் (வலை போட்ட வராண்டா) வலைல ஓட்டை, கண்ணாடி உடையறது சகஜம், அடிச்சவர் யாருன்னே தெரியாது. கிரீன் பக்கத்து வீடா இருந்தா விடியறதுக்கு முன்னாடி புல் வெட்டற மெஷின் சத்தம். நாங்க தங்கின ரூம் 7வது கிரீன் பக்கத்துல, அலாரமே தேவப்படல.

மத்த வழியும் பாத்தோம். பண்டில்டு கம்யூனிட்டின்னு இருக்கு, வீட்டு பத்திரத்தோடயே கோல்ஃப் வந்துடும், பெரிய இனிஷியேஷன் இல்ல, எல்லார் செலவும் எல்லாரும் பிரிச்சுக்கறதால வருஷ ட்யூஸ் ரொம்ப கம்மி. லேக்வுட் ராஞ்ச் பக்கம் லேக்வுட் நேஷனல் அந்த ரகம், 36 ஹோல், ஆர்னால்ட் பாமர் கம்பெனி டிசைன். இதுல பிரச்சன என்னன்னா எல்லா வீடும் மெம்பர், ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் வடக்குலேர்ந்து எல்லாரும் வந்து எறங்கிடுவாங்க, இந்த ரக கம்யூனிட்டில டீ டைமுக்கு (ஆட்டம் ஆரம்பிக்க குடுக்கற நேரம்) லாட்டரி போடறது சாதாரணம். இன்னும் கம்மி செலவுன்னா ஆர்லாண்டோக்கு வடமேற்க தி வில்லேஜஸ், மாசா மாசம் அமெனிட்டி ஃபீ (பொது வசதிகளுக்கான கட்டணம்) கட்டினா 9 ஹோல் எக்ஸிக்யூட்டிவ் கோர்ஸ்ல (சின்ன கோர்ஸ்) நடந்து ஆட தனி காசு இல்ல, 18 ஹோல் கோர்ஸுக்கு மட்டும் கட்டணம். ஆனா அது 55 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கான ஊரு, காலேஜ் படிக்கற பொண்ணு லீவுக்கு வந்தா போர் அடிச்சு ஓடிடுவா. டீனேஜ் பசங்க உள்ளவங்களுக்கு ஒரு தகவல், 2023 ஜூலைலேர்ந்து ஃப்ளோரிடா ரோட்டுல கோல்ஃப் கார்ட் ஓட்ட 18 வயசுக்கு கீழ இருந்தா லேர்னர்ஸ் பர்மிட்டாவது வேணும், கம்யூனிட்டிக்குள்ளதானேன்னு சாவிய குடுத்துடாதீங்க.

எச்.ஓ.ஏ. உள்ள எந்த கம்யூனிட்டியா இருந்தாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அசோசியேஷன் டிஸ்க்ளோஷர் சம்மரி கேட்டு வாங்குங்க. ஃப்ளோரிடா சட்டப்படி அத முன்னாடியே குடுக்கணும், குடுக்காம கான்ட்ராக்ட் போட்டிருந்தா அந்த பேப்பர் கைக்கு வந்து 3 நாளுக்குள்ள, க்ளோஸிங்குக்கு (வீடு நம்ம பேருக்கு மாறற நாள்) முன்னாடி, கான்ட்ராக்ட்ட ரத்து பண்ணலாம்.

என் மார்க்: கோர்ஸ், ஸ்டாஃப் 5க்கு 4.5. வசதிகள் 4. சாப்பாடு 2.5. வேலைக்கு போறவங்களுக்கு செலவுக்கு ஏத்த பலன் 2, ரிட்டயர் ஆனவங்களுக்கு 4. நாங்க இப்போதைக்கு கோல்ஃப் மெம்பர்ஷிப் எடுக்கல. வர்ற சீசன்ல ஒரு பண்டில்டு கம்யூனிட்டில மாச வாடகைக்கு வீடு எடுத்து, ஓனரோட கோல்ஃப் உரிமைய எங்க பேருக்கு மாத்திக்கிட்டு ஆடி பாக்கப்போறோம், அதுக்குள்ள அந்த ரிசர்வ் ஸ்டடி வந்தா கிளப்ப பத்தி திரும்ப பேசலாம். பிராடென்டன் பக்கம் பண்டில்டுல குடியிருக்கற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா, பிப்ரவரில சனிக்கிழமை காலைல நெஜமா டீ டைம் கெடைக்குதான்னு கீழ எழுதுங்க.