பெட்-சிடி ஸ்கேன்: எதற்கு நம்பலாம், எங்கே தடுமாறும்

புற்றுநோய் என்று உறுதியான ஒருவருக்கு அது உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று ஒரே நாளில் காட்டுவதில் கதிரியக்க ஊசி போட்டு எடுக்கும் பெட்-சிடி ஸ்கேனுக்கு ஈடு குறைவு. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இதைத்தான் நம்புகிறார்கள். அந்த வேலைகளுக்குத் தயங்காமல் எடுக்கலாம். நோய் எதுவும் இல்லாதவர் 'முழு உடம்பையும் பார்த்துவிடலாம்' என்று பணம் கட்டிப் படுப்பதை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

காரணம் மருந்திலேயே இருக்கிறது. ஊசியில் ஏற்றுவது எஃப்டிஜி. ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய ஒருவகைக் குளுக்கோஸ். செல் இதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பாஸ்பேட் ஒட்டியபின் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அது சேர்ந்த இடம் படத்தில் ஒளிரும். ஆக, இயந்திரம் பார்ப்பது புற்றுநோயை அல்ல, சர்க்கரைப் பசியை. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களுக்கும் அந்தப் பசி உண்டு, ஆறிக்கொண்டிருக்கும் புண்ணுக்கும் உண்டு.

நம் நாட்டில் இந்தக் குழப்பத்தின் பெரும்பங்கு காசநோயால் வருகிறது. நுரையீரல் புற்றுநோயாளியின் ஸ்கேனில் நெஞ்சின் நடுவே உள்ள நிணநீர்க் கணுக்கள் ஒளிர்ந்தால் புற்று அங்கே பரவிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கட்டி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கணு ஒளிர்ந்தால் அது என்3 நிலை, அதாவது கணுக்களில் பரவியதில் மிக முற்றிய கட்டம். அறுவை சிகிச்சை என்ற பேச்சே பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அந்த ஒளி பழைய டிபியாலோ சார்கொய்டோசிஸ் என்ற அழற்சி நோயாலோ வந்ததாக இருந்தால், குணமாகக்கூடிய ஒருவரை நாமே குணமாகாதவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். இந்தச் சேவையில் நடக்கக்கூடிய தவறுகளில் இதுவே மிக மோசமானது.

ஓர் இடம் எவ்வளவு மருந்தை இழுத்தது என்று சொல்லும் எஸ்யூவி எண்ணை வைத்து இதைப் பிரிக்க முடியாது. 2.5-க்கு மேல் போனால் புற்று என்ற பழைய கணக்கை டிபி கணு சாதாரணமாகத் தாண்டும். சில 10-ஐயும் தாண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படம் எடுத்து எண் கூடுகிறதா என்று பார்க்கும் முறையும் டிபி மிகுந்த இடங்களில் கைகொடுப்பதில்லை. ஈபஸ் முறையில் மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டுக் கணுவிலிருந்து மாதிரி எடுப்பதே வழி. அந்த மாதிரி முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் பாக்டீரியா செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியில்லை. ஒரு பகுதியைச் சலைனில் தனியாக எடுத்து ஜீன்எக்ஸ்பர்ட் என்ற டிபி மரபணுச் சோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டிபி என்று முடிவு வந்தாலும் புற்றுநோய்க்கான பத்தாலஜி (திசுப் பரிசோதனை) முடிவையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அதிசயமல்ல.

சென்டர் நல்லதா என்பதை இயந்திரத்தின் பிராண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊசி போடும் முன் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கடைசி கீமோ என்று? ரேடியேஷன் முடிந்து எத்தனை வாரம்? ரத்த அணுக்களைக் கூட்டும் ஜிசிஎஸ்எஃப் ஊசி போட்டார்களா? (போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுதும் ஒளிரும்.) சமீபத்தில் தடுப்பூசி எந்தக் கையில்? கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு அதே பக்க அக்குள் கணுக்கள் வாரக்கணக்கில் ஒளிர்ந்ததை 2021-இல் உலகமே பார்த்தது. மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் தேதி கேட்க வேண்டும். சுழற்சியின் நடுவில் சினைப்பையும், விலக்கு நாட்களில் கருப்பையின் உள்சுவரும் ஒளிரும். இவற்றில் பாதியைக்கூடக் கேட்காத சென்டருக்கு எங்கள் மதிப்பெண் குறைவுதான்.

சிகிச்சை முடிந்த உடனே ஓடுவதிலும் பயனில்லை. கீமோவுக்குப் பின் குறைந்தது 10 நாள், முடிந்தால் 3 வாரம். ரேடியேஷனுக்குப் பின் 3 மாதம். அதற்குமுன் எடுத்தால் வெந்த திசு ஆறுவதைத்தான் படம் பிடிப்பீர்கள். குழந்தைகளுக்கும் இளையவர்களுக்கும் கீமோவுக்குப் பின் தைமஸ் சுரப்பி மறுபடி வளர்ந்து நெஞ்சில் ஒளிரும். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிப் பதறக்கூடாது.

தயாரிப்பில் 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது. ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்காகக் கடைசி நேரத்தில் இன்சுலின் போட்டால் மருந்து தசைக்குள் ஓடிவிடும், படம் கெட்டுவிடும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும் என்பதால், குடலைப் பார்க்க வேண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டு 48 மணி நேரம் நிறுத்துவார்கள். முந்தின நாள் உடற்பயிற்சி வேண்டாம். ஊசிக்குப் பின் காத்திருக்கும் 60 நிமிடத்தில் போனில் பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும், சூயிங்கம் மென்றால் தாடை. ஏசி குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலும் உள்ள, உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து கணுபோலவே தெரியும். போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் சில இடங்களை அலட்சியம் செய்யவும் கூடாது. தைராய்டு முழுதும் சீராக ஒளிர்ந்தால் பெரும்பாலும் அழற்சி. ஒரே ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புற்றாக இருக்கும், அல்ட்ராசவுண்டு அவசியம். செயற்கை இடுப்பு மூட்டு, பேஸ்மேக்கர் போன்ற உலோகத்தைச் சுற்றி ஒளி தெரிந்தால் சிடியை வைத்துக் கணினி திருத்தம் செய்யாத மூலப் படத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதில் ஒளி இல்லையென்றால் அது கணக்கீட்டுப் பிழை.

உடல்நலப் பரிசோதனை பேக்கேஜுக்கு வருவோம். அமெரிக்காவில் கடுமையாகப் புகைபிடிக்கும், அல்லது முன்பு பிடித்த 53,454 பேரிடம் நடந்த என்எல்எஸ்டி என்ற நுரையீரல் புற்று ஸ்கிரீனிங் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. குறைந்த கதிர் சிடி எடுத்த சோதனைகளில் 24.2 சதவீதம் பாசிட்டிவ், அவற்றில் 96.4 சதவீதம் புற்றுநோயே அல்ல. ஆபத்து மிகுந்த கூட்டத்திலேயே நிலைமை இது! ஆனாலும் நுரையீரல் புற்றால் வரும் சாவு 20 சதவீதம் குறைந்தது, அதனால் அந்தச் சோதனைக்கு நியாயம் இருக்கிறது. நோயற்றவருக்கு எடுக்கும் பெட்-சிடிக்கு அப்படி நிரூபித்த ஆய்வு எதுவும் கிடையாது. கதிரியக்கம் மட்டும் உறுதியாக உடலில் ஏறும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றானவர்கள் முந்தைய ஸ்கேன் படங்களைக் கொண்டுபோங்கள். அடுத்ததையும் அதே இயந்திரத்தில், ஊசிக்குப் பின் அதே இடைவெளியில் எடுங்கள். இல்லையென்றால் இரண்டு எஸ்யூவி எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. அச்சிட்ட நாலு படத்தோடு திரும்பிவிடாமல், முழுப் படங்களும் பதிந்த வட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க அதுதான் வேண்டும்.